ஊதச் சொன்னவள்

ஊசியிலை மரத்தின் உச்சியில் ஒரு சிவப்பு ஆப்பிளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைச் சுட்டு வீழ்த்தாமல் மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிப்போக முடியாது. பெண் வீட்டு முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் மாப்பிள்ளை வேல்கோவின் கையிலிருந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேல்கோவின் அண்ணி ஸாகோர்கா மட்டும் தன் புருஷன் புதிமிரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் ராக்கியா என்கிற பிளம் சாராயக் கோப்பை இருந்தது. காலையிலிருந்து அந்தக் கோப்பை வற்றி அவள் பார்க்கவில்லை.

துப்பாக்கிக்கு அன்று நடந்த மரியாதை பாதிரியாருக்குக்கூட நடக்கவில்லை. அது மாப்பிள்ளை வீட்டுக் கெர்ஸ்மன் சித்தப்பாவுடையது. ஊரில் முறையான உரிமத்தோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கும் சிலரில் அவரும் ஒருவர். பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தச் சொன்னார். ஆட்களைச் சுவரோரம் ஒதுக்கினார். ஒரு தோட்டாவை எடுத்துக் கொடுப்பார், வேல்கோ சுடுவான், உடனே துப்பாக்கியைத் திரும்ப வாங்கி, மடக்கித் திறந்து, உள்ளே காலி என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தோட்டாவில் கை வைப்பார். முதல் இரண்டு குண்டும் காகங்களைக் கிளப்பியதோடு சரி.

பெண்ணின் அப்பா ஓப்ராத் மரக்குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு அழைப்பு சொல்லும்போது வீடு வீடாகப் போன அதே குடுவை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, தங்கள் ராக்கியாவை அதில் ஊற்றி நிரப்பி அனுப்புவார்கள். அதனால் அது காலியாகிற பேச்சே கிடையாது.

"என்ன கெர்ஸ்மன், நீ கல்யாணத்துக்கு வந்தியா, நோன்பு இருக்க வந்தியா? ஒரு வாய் ஊத்திக்கோய்யா."

"இதை வீட்டுல கொண்டுபோய்ப் பூட்டிட்டு வர்றேன், அப்புறம் குடுவையோட குடு. சாராய வாடையோட இதைத் தொட்டேன்னு தெரிஞ்சா உரிமமும் போகும், நானும் உள்ள போவேன். முன்ன மாதிரியா இருக்கு? இப்பல்லாம் ஒரு பழைய தோட்டா பரண்ல கிடந்தாலே கேள்வி கேக்கறான்."

"அப்ப கார் ஓட்டறவங்களுக்கு?"

கேட்டுவிட்ட பிறகுதான் அது தன் குரல் என்று ஸாகோர்காவுக்குத் தெரிந்தது. முற்றமே சிரித்தது.

"காருக்கு என்னம்மா, அபராதத்தைக் கட்டிட்டு வந்து மிச்ச ராக்கியாவைக் குடிக்க வேண்டியதுதான்," என்றார் ஓப்ராத். "கவர்மெண்டுக்கும் தெரியும், எதைப் பிடுங்கினா நாம சும்மா இருப்போம், எதைப் பிடுங்கினா இருக்க மாட்டோம்னு!"

புதிமிர் அவள் தோளில் கையைப் போட்டான். பிளம் வாடை முகத்தில் அடித்தது. "துப்பாக்கி கொல்றதுக்குன்னே செஞ்சது, ஸாகோ. கார் ஆளைக் கூட்டிட்டுப் போறதுக்குச் செஞ்சது. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்கிறியே."

எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு நியாயமான பேச்சு! கொல்வதற்கென்று செய்த சாமானைப் பத்துப் பேர் காவல் காக்கிறார்கள், கூட்டிப்போகச் செய்ததைக் குடித்தவன் கையில் கொடுத்துக் கைதட்டுகிறார்கள். ஸாகோர்கா தோளைக் குறுக்கி அவன் கைக்கு அடியிலிருந்து நழுவிக்கொண்டாள்.

அவள் பயந்தாங்கொள்ளி என்று புகுந்த வீட்டில் பேர். அந்தப் பயம் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. சந்தை முடிந்து திரும்பும்போதெல்லாம் அவளுடைய அப்பா நிறைய குடித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். பின் சீட்டில் அவள் தலைமுட்டாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வளைவுகளில் கண்ணை மூடிக்கொள்வாள். வீட்டு வாசலில் நின்றதும் அப்பா திரும்பிப் பார்த்துச் சொல்வார்: "பார்த்தியா, ஒண்ணும் ஆகலை." உண்மைதான், கடைசிவரை ஒன்றும் ஆகவில்லை. அவர் படுக்கையில், தூக்கத்தில்தான் போய்ச் சேர்ந்தார். ஒன்றுமே ஆகாத ஒரு விஷயத்துக்கு இத்தனை வருஷம் பயப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

மூன்றாவது குண்டில் ஆப்பிள் சிதறியது. முற்றம் கூச்சலிட்டது. கெர்ஸ்மன் சித்தப்பா துப்பாக்கியை வாங்கி, பிரித்து, பெட்டியில் வைத்துப் பூட்டினார். மீதித் தோட்டாக்களை இன்னொரு பெட்டியில் வைத்து அதையும் பூட்டினார். பெண்கள் எல்லோரும், அப்பாடா, ஆபத்து நீங்கியது என்று பெருமூச்சு விட்டார்கள்.

பிறகு பெண்ணைக் கூட்டி வந்தார்கள். ஸ்மில்யா ஒல்லியான பெண், வெள்ளை உடைக்குள் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தாள். ஓப்ராத் அவள் கையைப் பிடித்துப் புதிமிரிடம் கொடுத்தார். அதுதான் முறை. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவன் தேவெராக நின்று பெண்ணை ஏற்றுக்கொள்வான். தேவாலய வாசலில் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்கும்வரை அவளை விட்டு ஓர் அடி விலகக் கூடாது. தன் காரில், தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். புதிமிர் அதை வேதம் போல எடுத்துக்கொள்கிற ஆள். தேவெர் பெண்ணைத் தனியே விட்டால் அந்தக் குடும்பம் விளங்காது என்று காலையிலிருந்து எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்னொரு முறையும் இருந்தது. கல்யாண ஊர்வலம் வந்த வழியே திரும்பக் கூடாது. காலையில் அகலமான புது ரோட்டில் வந்திருந்தார்கள். அப்படியானால் இப்போது போக வேண்டியது கரும்பாறைக் கணவாய் வழியாக. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் ஆறு, நடுவில் ஒரு லாரியும் காரும் உரசிக்கொண்டு போகிற அளவுக்கு ரோடு. தடுப்புக் கம்பி பாதி இடத்தில் கிடையாது. அக்டோபர் மழையில் மலை மரத்து இலை உதிர்ந்து ரோட்டில் ஒட்டிக் கிடக்கும்.

ஸாகோர்கா கெர்ஸ்மன் சித்தப்பாவைத் தனியே பிடித்தாள். "சித்தப்பா, இங்க நிதானமா இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். புதிமிர் காரை நீங்க ஓட்டிட்டு வாங்களேன்."

"பெட்டியை யார் பாத்துக்கிறது? இதை விட்டுட்டு நான் நகர முடியாதும்மா. என் வண்டியில, என் கண்ணு முன்னால இருக்கணும்." அவர் தர்மசங்கடத்தோடு முற்றத்தைப் பார்த்தார். "அதோட, தேவெர் கையிலேர்ந்து சாவியை வாங்கினா அவனுக்கு எவ்வளவு அவமானம்? நான் முன்னால மெதுவா போறேன். பின்னாடியே வரச் சொல்லு."

"அப்ப நானே ஓட்டறேன்."

"பெண்டாட்டி ஓட்ட, தேவெர் பக்கத்துல உக்காந்து வர்றதா? ஏம்மா, அவன் இனிமே ஊருல தலை காட்ட வேண்டாமா?"

அவள் காருக்கு வந்தபோது ஒன்பது வயது மகள் துன்யா கல்யாணக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பிள்ளைகளை முன்னால் உட்காரவைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கல்யாண நாளில் சட்டத்துக்கு லீவு.

"துன்யா, பின்னாடி வா."

"கொடி முன்னாலதான் போகணும், அவ வரட்டும் விடு," என்றான் புதிமிர், சாவியைத் துவாரத்தில் சரியாகச் செருகத் தடவிக்கொண்டே. ஜன்னல் வழியாக யாரோ கடைசியாக ஒரு கோப்பையை நீட்டினார்கள். அதையும் ஊற்றிக்கொண்டான். "தெளிவா இருக்கேன், ஸாகோ. எந்த வளைவுல எத்தனை குழின்னு கேளு, சொல்றேன்."

ஸாகோர்கா பின்னால் ஸ்மில்யா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். ஹாரன்கள் அலறின. கெர்ஸ்மன் சித்தப்பாவின் கார் முதலில் போனது. அடுத்து புதிமிர், அவனுக்குப் பின்னால் தேவாலயம்வரை பெண் பக்கம் வரக் கூடாத மாப்பிள்ளையின் கார், அதன் பின்னால் இன்னும் ஒரு வரிசை. சித்தப்பாவைத் தவிர ஓட்டுகிற ஆட்களில் யார் குடிக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு பேரும் நினைவுக்கு வரவில்லை.

சித்தப்பாவின் பின்னால் மெதுவாகப் போவது என்பது கணவாய் தொடங்கும்வரைதான் நடந்தது. மெதுவாகப் போகிறவரைப் பார்த்துப் புதிமிர் சிரித்தான், ஹாரன் அடித்து விரட்டினான், பிறகு வேண்டுமென்றே பின்தங்கி, அவர் கண்ணுக்கு மறைந்ததும் ஒரே மிதியாக மிதித்தான். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கை பாட்டுக்குத் தாளம். ஒவ்வொரு வளைவிலும் கார் ஆற்றுப் பக்கம் ஒதுங்கித் திரும்ப வந்தது. ஜன்னலில் தண்ணீர் தெரிந்தது, பிறகு பாறை, பிறகு மறுபடி தண்ணீர். முன் சீட்டின் முதுகை ஸாகோர்கா இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். துன்யாவின் பின்னந்தலை மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சின்னத் தலையில் வெள்ளை ரிப்பன். அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

"மெதுவா, புதிமிர்."

"கல்யாணமா, சாவா? பாடு நீயும்!"

அடுத்த வளைவில் மரம் ஏற்றிய லாரி வந்தது.

லாரிக்காரன் அடித்த ஹாரன் மலை முழுக்க எதிரொலித்தது. புதிமிர் ஸ்டியரிங்கைத் திருப்பினான், இலையில் சக்கரம் வழுக்கியது, காரின் பின்பக்கம் தன் போக்கில் ஆற்றை நோக்கிப் போனது. ஸ்மில்யா கத்தவில்லை. ஸாகோர்காவின் மனசில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, அது மகளின் பெயர். பிறகு ஏதோ ஒரு கல்லில் சக்கரம் இடித்து, கார் குலுங்கி, நேராகி, தன் பாட்டுக்கு ஓடியது. லாரி போயே போய்விட்டது.

புதிமிர் உரக்கச் சிரித்தான். கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான். "பார்த்தியா, ஒண்ணும் ஆகலை!"

ஸாகோர்காவுடைய அப்பாவின் வார்த்தை, அட்சரம் பிசகாமல். அவள் கை தானாகப் பக்கத்தில் துழாவி ஸ்மில்யாவின் கையைப் பிடித்தது. பெண்ணின் விரல்கள் ஐஸாக இருந்தன. அந்தக் கையைப் பிடித்தபோதுதான் வழி தோன்றியது. புருஷனைத் தடுக்கும் தைரியம் அவளுக்கு இல்லை. தேவெரைத் தடுக்க முடியும்.

"குமட்டுதுன்னு சொல்லு," என்று ஸ்மில்யாவின் காதில் சொன்னாள்.

ஸ்மில்யா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். "வண்டியை நிறுத்துங்க! எனக்கு வாந்தி வருது!"

கல்யாண உடை பாழாகிவிடுமே என்று புதிமிர் அவசரமாக ஓரம் கட்டினான். பின்னால் வந்த கார்கள் ஒன்றின் வாலை ஒன்று இடிக்காத குறையாக நின்றன. இருவரும் இறங்கிப் பாறையோரம் போனார்கள்.

"கணவாய் முடியறவரைக்கும் நடக்க முடியுமா உன்னால?"

ஸ்மில்யா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "தேவாலயம்வரைக்கும் நடக்கச் சொன்னாலும் நடப்பேன் அக்கா. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம உயிரைக் கையில பிடிச்சிட்டு உக்காந்திருந்தேன். முதல் நாளே வாய் பேசறாளேன்னு சொல்லிடுவாங்களே."

அவள் ஈர ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். புதிமிர் காருக்குள்ளிருந்து தலையை நீட்டினான். "ஏம்மா, எங்க போறே? ஏறு!"

"எனக்குக் காத்து வேணும். நடந்தே வர்றேன்."

பின்னால் நின்ற காரிலிருந்து புதிமிரின் அத்தை ஒருத்தி கழுத்தை நீட்டிக் கத்தினாள்: "அடேய், பெண்ணு தனியா போறாடா! தேவெர் நீ உக்காந்திருக்கே! குடும்பம் விளங்க வேண்டாமா?"

அவ்வளவுதான். புதிமிர் பதறிப்போய் இறங்கினான், தள்ளாடினான், கார்க் கதவைப் பிடித்துச் சமாளித்தான், கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்ணின் பின்னால் ஓடினான். ஸாகோர்கா சத்தமில்லாமல் ஸ்டியரிங்கின் முன்னால் உட்கார்ந்தாள். துன்யாவின் பெல்ட்டை இறுக்கினாள். கார் நடை வேகத்தில் நகர்ந்தது.

கரும்பாறைக் கணவாயில் அப்படி ஒரு ஊர்வலம் அதற்கு முன் போனதில்லை. முன்னால் வெறுங்காலோடு வெள்ளை உடையில் பெண், பக்கத்தில் தேவெர் கோணல் மாணலாக, பின்னால் பெண்ணை முந்தக் கூடாது என்பதால் அத்தனை கார்களும் நத்தையாக ஊர்ந்தன. வழி நெடுக ஏச்சும் கிண்டலும். ஒருவருக்கும் அது உயிர் பிழைக்கிற வழி என்று தெரியவில்லை. ஸாகோர்காவுக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது. யாரையும் எதிர்க்காமல் காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

கணவாய் முடிகிற பாலத்தில் போலீஸ் நின்றது. முன்னால் போய் ஊர்வலத்துக்காகக் காத்து நின்ற கெர்ஸ்மன் சித்தப்பாவின் கார் டிக்கியைத் திறந்து வைத்திருந்தார்கள். இளம் போலீஸ்காரன் உரிமத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், துப்பாக்கியின் எண்ணை ஒப்பிட்டான், இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்தான். பிறகு குடித்திருக்கிறாரா என்று காட்டும் கருவியை நீட்டி ஊதச் சொன்னான். சித்தப்பா ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. மீசை வைத்த மூத்தவர் அவர் கையைக் குலுக்கினார். "எல்லாரும் உங்களை மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது, ஐயா."

அதற்குள் யாரோ மரக்குடுவையை அந்த மூத்தவரிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். கல்யாணக் குடுவையை மறுக்கக் கூடாதாம். மூத்தவர் ஒரு வாய் குடித்து மீசையைத் துடைத்தார். பின்னால் நின்ற கார் வரிசையைப் பார்த்துக் கையை ஆட்டினார். "கல்யாணமா? போங்க போங்க. பாத்துப் போங்க."

புதிமிர் பெண்ணைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டு ஸாகோர்காவின் பக்கம் வந்தான். "சரி, நாடகம் முடிஞ்சுது. சாவியைக் கொடு. இனிமே நேர் ரோடுதான்."

ஸாகோர்கா முன்னால் பார்த்தாள். பாலத்துக்கு அப்பால் ரோடு தேவாலயம்வரை கயிறு பிடித்த மாதிரி நேராகப் போனது. நேர் ரோட்டில் அவன் எப்படிப் போவான் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் துன்யா கொடியை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவதற்காகப் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு முறை யாருக்குக் குமட்டுகிறது என்று சொல்வது?

அவள் சாவியோடு இறங்கினாள். மூத்த போலீஸ்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, இவரை ஊதச் சொல்லுங்க."

"யாரைம்மா?"

"என் புருஷனை."

மூத்தவர் குரலைத் தாழ்த்தினார். "கல்யாண நாள்மா. இதெல்லாம் வீட்டுல பேசித் தீத்துக்கோங்க."

"சித்தப்பாவை ஊதச் சொன்னீங்களே. அவர் துப்பாக்கி ஒரு பெட்டியில, தோட்டா இன்னொரு பெட்டியில. அது ஒருத்தரைக் கொல்லணும்னா ரெண்டு பூட்டைத் திறக்கணும்." நிறுத்தாமல் பேசினாள், நிறுத்தினால் மறுபடி வாய் திறக்காது என்று அவளுக்குப் பயம். "இவருக்கு இந்தச் சாவி ஒண்ணு போதும். என் பொண்ணு முன்னால உக்காந்திருக்கா. இவர் துப்பாக்கியோட இப்படித் தள்ளாடி வந்திருந்தா வீட்டுல பேசிக்கோங்கன்னு சொல்வீங்களா?"

மூத்தவர் கையில் குடுவையோடு நின்றார். இளையவன்தான் கருவியை எடுத்துக்கொண்டு புதிமிரிடம் போனான். அவ்வளவு பேருக்கு முன்னால் மறுக்கவும் முடியாமல் புதிமிர் ஊதினான். இளையவன் எண்ணைப் பார்த்தான். காருக்குள் இருந்த சிறுமியைப் பார்த்தான். கருவியை மூத்தவரிடம் காட்டினான். மூத்தவர் குடுவையைக் காரின் கூரைமேல் வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பின்னால் கார்களின் என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவுகள் திறந்தன. வாய்ச்சொல் வீரர்கள் எல்லோரும் இறங்கி, காலாற நடக்க வேண்டும் போலிருக்கிறது என்று வானத்தைப் பார்த்துச் சொன்னார்கள். ஒரு ஸ்டியரிங்கின் முன்னாலும் ஆள் இல்லை.

போலீஸ் காரின் பின் சீட்டில் உட்காரும்போது புதிமிரின் முகம் பேயறைந்தது போலிருந்தது. கோபப்படக்கூட அவனுக்குத் தெரியவில்லை. "ஒண்ணும் ஆகலையே, ஸாகோ. ஒண்ணுமே ஆகலையே. எதுக்கு இப்படிப் பண்ணினே?"

"ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான்," என்றாள்.

கதவு சாத்தப்பட்டது. தேவெர் இல்லாமல் பெண் எப்படிப் போவாள் என்று அத்தை புலம்பத் தொடங்கினாள். ஸ்மில்யா வந்து ஸாகோர்காவின் கையைக் கோத்துக்கொண்டாள். கல்யாணக் கூட்டம் நடந்தே தேவாலயத்துக்குப் புறப்பட்டது. மற்றவர்கள் அவர்களிடமிருந்து தள்ளியே நடந்தார்கள். இன்றைக்கு மட்டுமல்ல, இனி எந்த விசேஷத்திலும் தன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று ஸாகோர்காவுக்குப் புரிந்தது. நாளைக்குப் புருஷன் வீடு திரும்புவான், அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே நடந்தாள்.

மறு பக்கம் துன்யா கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மா, கார்ல வரும்போது உனக்குப் பயமா இருந்துச்சா?"

"ஆமா."

"எனக்கும்," என்றாள் துன்யா. "எப்பவுமே இருக்கும். வளைவு வந்தா கண்ணை மூடிப்பேன். அப்பா சிரிச்சுட்டே இருப்பாரா, அதான் சொன்னதில்லை."